கையை உதறியது ஏன் என்று கேட்ட தம்பிக்கு

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன இடத்தில், கூட்ட நெரிசலுக்குள், நாலு வருடமாக உங்களோடு வாழும், உங்களைப் போலவே ஓர் ஆணான துணைவர் உங்கள் விரலைப் பிடித்தார். நீங்கள் சுடுபட்டதுபோல உதறிவிட்டீர்கள். சுற்றிவர நின்ற பெடியள் எல்லாரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடிதான் நின்றார்கள். உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "எனக்கு அவரில் விருப்பம் குறைந்துவிட்டதா, இல்லை இது ஏதும் மனநோயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்ட அளவில் உங்களை உண்மையில் அரிப்பது வேறொரு கேள்வி. ஒருவரும் ஒன்றும் சொல்லாத இடத்தில் என் உடம்பு ஏன் அப்படிப் பயந்தது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமிலிருந்து சனம் காணிக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், உளவளத்துணை வேலைக்கு வந்தவள் நான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும்தான் கூடிய காலம். முதல் ஆண்டுகளில் வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையை, புருஷனை, காலை, கண்ணை இழந்தவர்கள். உங்களைப் போன்றவர்கள் பிறகுதான் வரத் தொடங்கினார்கள். அவர்களும் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் வருவார்கள். நாலாவது ஐந்தாவது தடவையில்தான் விஷயம் வெளியே வரும். ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். என்னிடம் வருபவர்கள் நொந்துபோனவர்கள். நிம்மதியாக வாழும் சோடிகள் என் கதவைத் தட்டுவதில்லை. ஆகவே நான் பார்த்ததை முழு வன்னிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம். கீழே வரும் இரண்டு சம்பவங்களையும் உரியவர்களிடம் கேட்டு, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். உங்களைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

தம்பி, போர்க்காலத்தில் கொழும்புக்குப் போய்வந்த எங்கள் சனம் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் இருக்கும்போது கைப்பேசி அடிக்கும். அம்மா எடுத்திருப்பார். "ஓம், பிறகு எடுக்கிறன்" என்று, பேசுவது தமிழ் என்று மற்றவர்களுக்குக் கேட்காதபடி, வாய்க்குள் இரண்டு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். சோதனைச் சாவடி வருமுன்னே பொட்டை அழித்த பெண்கள் எத்தனை பேர். பத்துத் தடவையில் ஒன்பது தடவை பஸ்ஸில் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பத்தாவது தடவை எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தியதால் அம்மாவில் பாசம் குறைந்துபோனது என்று யாராவது சொல்வார்களா? பொட்டை அழித்தவளுக்குத் தன் முகத்தில் வெறுப்பு என்று சொல்வார்களா? வற்றாப்பளையில் உங்கள் கை செய்ததும் அதே வேலைதான்.

இதற்குத் துறையில் ஒரு பெயர் உண்டு: சிறுபான்மை நெருக்கீடு. வர்ஜீனியா புரூக்ஸ் என்பவர் 1981இல் தன்பாலீர்ப்புள்ள பெண்களைப் பற்றி எழுதியபோது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு இலான் மேயர் 1995இலும் 2003இலும் எழுதிய கட்டுரைகளில் அதை ஒரு முழுக் கோட்பாடாக விரித்தார். சுருக்கமாகச் சொன்னால், எல்லாருக்கும் வருகிற வேலை, கடன், வருத்தம் ஆகிய நெருக்கீடுகளுக்கு மேலே, ஊர் ஒதுக்கிவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவே ஒருவர் மேலதிகமாக ஒரு பாரம் சுமக்கிறார். அடி, ஏச்சு, வேலையிலிருந்து நிறுத்துதல் என்று வெளியிலிருந்து வருவது அதில் ஒரு பங்கு. மற்றப் பங்கு உள்ளே நடப்பது. இப்போது ஏதோ நடக்கப் போகிறது என்று எந்நேரமும் காத்திருப்பது, தன்னை மறைப்பது, ஊர் சொல்லும் கெட்ட சொல்லைத் தானே தனக்குச் சொல்லிக்கொள்வது. உள்ளே நடப்பதற்கு எதிரில் ஆளே தேவையில்லை. பொங்கல் கூட்டத்தில் ஒருவரும் பார்க்காதபோதும் உங்கள் கை உதறியது அதனால்தான்.

இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது எது, சந்தேகத்துக்கு இடமுள்ளது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பு ஒரு நோய் இல்லை என்பது நிச்சயம். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் அதைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மனச்சோர்வும், பதகளிப்பு என்னும் ஓயாத பதற்றமும் இவர்களிடையே கூடுதலாக இருப்பதும், ஊர் எவ்வளவு ஒதுக்குகிறதோ அவ்வளவுக்கு அவை கூடுவதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். சந்தேகம் எங்கே என்றால், அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. கூட்டுக் குடும்பத்துக்குள், ஒரே வளவில் நாலு வீடு இருக்கும் இடத்தில், அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

கை கோப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர் முதலானோரிடையே எடுத்து 2018இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில் 108,000க்கு மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலானவர்கள், என்ன நடக்குமோ என்ற பயத்தில் வெளியே துணையின் கையைப் பிடிப்பதைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகவரகம் 2019இல் 30 நாடுகளில் எடுத்த கணக்கிலும் பத்துப் பேரில் ஆறு பேர் அதையே சொன்னார்கள். சட்டம் பாதுகாப்புக் கொடுக்கும் நாடுகளிலேயே நிலைமை இது.

ஆனால் இதே கேள்வியை வன்னிக்குக் கொண்டுவந்தால் அது தடுமாறிப்போகும். கிளிநொச்சி பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சைக்கிள் பாரில் ஒருவனை இருத்தி மற்றவன் மிதித்துப் போவான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளைகள் சுண்டுவிரல் கோத்து வருவார்கள். தேத்தண்ணிக் கடை வாங்கில் ஒருவன் மற்றவனின் மடியில் காலைப் போட்டுக்கொண்டு இருப்பான். எங்கள் ஊரில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் தொடுவது குற்றமில்லை. கலியாணம் கட்டிய புருஷன் பெண்சாதி கோயில் வீதியில் கை கோத்து நடந்தால்தான் சனம் திரும்பிப் பார்க்கும்! அப்படிப் பார்த்தால் உங்கள் இருவருக்கும்தான் இங்கே வசதி கூட என்று ஒருவர் சொல்லலாம். சொல்லவும் செய்கிறார்கள். அது பிழை.

பக்கத்தில் நின்ற பெடியளின் கைக்கு ஒரே அர்த்தம்தான். அதனால் அவர்கள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. உங்கள் கைக்கு இரண்டு அர்த்தம். எவ்வளவு நேரம் பிடிக்கலாம், எவ்வளவு இறுக்கலாம், முகம் மாறிவிட்டதோ, இது கூட்டாளியின் பிடியாகத் தெரிகிறதா என்று உள்ளே ஒரு காவல்காரன் எண்ணிக்கொண்டே இருக்கிறான். அது பெரிய களைப்பு. அந்தக் களைப்புத் தாங்காமல் பல சோடிகள் கூட்டாளிகள் செய்யும் தொடுகையையும் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் ஊரிலேயே ஒருவரை ஒருவர் தொடாத இரண்டு ஆண்கள் அவர்கள்தான் என்று ஆகிவிடுகிறது. இத்தனை வருட வேலையில் நான் கண்டவற்றில் மனதை மிகவும் வருத்துவது இதுதான்.

முல்லைத்தீவுப் பக்கம் இரண்டு பெண்கள். படிக்கிற காலத்திலிருந்தே பின்னேரத்தில் திண்ணையில் இருந்து ஒருத்தி மற்றவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிடுவாள். வீடு முழுக்கப் பார்த்துப் பழகிய காட்சி. இருவரும் மனதால் சேர்ந்த பிறகும் அது நடந்தது. ஒருநாள் மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் தலை இழுக்கிறதே வேலை" என்று சிரித்தாள். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து மற்றவள் தானே தன் தலையை முடிந்துகொள்ளத் தொடங்கிவிட்டாள். மச்சாளுக்கு அப்போதும் ஒன்றும் தெரியாது, இப்போதும் தெரியாது. "அவளின் கையில நல்லெண்ணெய் மணக்கும் அக்கா, அது போய் ஒன்பது மாசம்" என்று என் முன்னால் இருந்து சொன்னவள், சொல்லும்போதே தன் பின்னலின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ஒருவரும் கேட்காமலே அவர்களாகவே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். (திருநங்கைகளும் திருநம்பிகளும் துணையோடு வெளியே போகும்போது இந்தக் கூட்டாளி என்ற மறைப்புக்கூடக் கிடைப்பதில்லை. அவர்களின் கதை வேறு, பதிலும் வேறாக இருக்க வேண்டும்.)

மற்றச் சம்பவம் என் அறையிலேயே நடந்தது. இரண்டு ஆண்கள், ஒருவர் முப்பதைத் தாண்டியவர். பிளாஸ்டிக் கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இருந்தார்கள். ஒழுங்கையில் கிரவல் ரோட்டு. மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தால் சத்தம் தூரத்திலேயே கேட்கும். ஒவ்வொரு தடவை கேட்டபோதும் மூத்தவர் கதையை நிறுத்தாமலே கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். ஒரு மணித்தியாலம் முடியும்போது அவரின் முதுகு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. எழும்பும்போதுதான் அவரே அதைக் கண்டார். இளையவர் முழு நேரமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "வீட்டிலயும் இப்படித்தான் தள்ளித் தள்ளிப் போகிறார்" என்றார். அந்த மணித்தியாலத்தில் அவர் சொன்ன ஒரே வசனம் அதுதான்.

அந்தக் கதிரையைத் தள்ளியது எது என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. அவர் சிறுவனாக இருந்தபோது வானத்தில் வண்டு என்று நாங்கள் சொல்லும் ஆளில்லா வேவு விமானத்தின் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடியவர். இளந்தாரியாக ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர். சத்தத்துக்குக் காது கொடுத்துப் பிழைத்த சனம் நாங்கள். போர் பழக்கிய விழிப்பு எது, தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்வதால் வந்த விழிப்பு எது என்று ஒரே உடம்புக்குள் கோடு கீற என்னால் முடிந்ததில்லை. உங்களுக்கும் அந்த வயதாக இருந்தால் இரண்டும் கலந்துதான் இருக்கும். நல்ல காலமாக, ஆற்றுவதற்கு அந்தக் கோடு கட்டாயம் தேவைப்படுவதில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அதன் 365அ பிரிவு, பாரதூரமான அநாகரிகச் செயல் என்பதற்கு, பொது இடமானாலும் தனி இடமானாலும், 2 ஆண்டு வரை சிறை வைக்கிறது. எது அநாகரிகம் என்று சட்டக்கோவை வரையறுக்கவில்லை. முதலில் ஆணும் ஆணும் செய்வதை மட்டும் குறித்த பிரிவு அது. 1995 திருத்தம் பெண்களையும் உள்ளே இழுத்தது. 2022இல், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசானா பிளேமர் கல்தேரா கொடுத்த முறைப்பாட்டில் இந்தச் சட்டம் உரிமைமீறல் என்று சொன்னது. தன்பாலீர்ப்பைக் குற்றமல்லாமல் ஆக்க, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. அது நிறைவேறுமுன் 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போனது. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் கை பிடிப்பதைக் குற்றம் என்று எந்தப் பிரிவும் பெயர் சொல்லவில்லை என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள். என்னிடம் வந்தவர்கள் பயந்தது சிறைக்கு இல்லை. அப்பாவின் காதுக்கு, கோயில் சபைக்கு, தங்கச்சிக்கு வரவிருந்த சம்பந்தத்துக்கு.

சரி, தொடாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். 2006இல் ஜேம்ஸ் கோன் என்பவரும் கூட்டாளர்களும் கலியாணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, காலில் மின்அதிர்ச்சி வரலாம் என்று பயம் காட்டினார்கள். கணவனின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் ஆபத்து மணி தணிந்தது; தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களில் இன்னும் கூடத் தணிந்தது. சின்ன ஆய்வு, அதன்மேல் பெரிய வீடு கட்டக் கூடாது. இருந்தாலும் என் அறையில் நான் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. ஊர் பயத்தைக் கொடுக்கிறது, அந்தப் பயத்துக்கு இருக்கிற கைமருந்தையும் அதே ஊர் எட்டாமல் வைக்கிறது. லெபிளாங்க், பிராஸ்ட், வைட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2015இல் எழுதியதுபோல, ஒருவரின் நெருக்கீடு மற்றவரிலும் தொற்றும். சோடி என்ற அளவிலும் தனியாக ஒரு பாரம் சேரும். வெளியே காவல் காத்துப் பழகிய கை, வாசலைத் தாண்டியதும் தானாக இளகிவிடாது. அந்தக் கதிரையைப்போல வீட்டுக்குள்ளும் தள்ளித் தள்ளிப் போகும். உங்களுக்கு நான் உண்மையில் கவலைப்படுவது அதற்குத்தான், பொங்கல் கூட்டத்துக்கு இல்லை.

"பயத்தை வெல்ல வேண்டுமென்றால் துணிந்து பிடி" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பதகளிப்புக்கு நாங்கள் செய்யும் வைத்தியத்தில், பயப்படும் விஷயத்துக்குப் படிப்படியாக முகம் கொடுக்கப் பழக்குவது உண்டு, நன்றாக வேலை செய்யும். ஆனால் அது பயம் உண்மையை விடப் பெரிதாக இருக்கும்போதுதான். நாயே இல்லாத தெருவில் நாய்க்குப் பயப்படுபவருக்கு அது சரி. உங்கள் பயத்தில் ஒரு பங்கு உண்மையானது. வேலை, வீடு, உயிர்வரை போகக்கூடியது. ஆகவே முதலில் இரண்டு பேருமாக இருந்து இடங்களைப் பிரியுங்கள். எங்கே உண்மையில் ஆபத்து, எங்கே பழக்கத்தால் வந்த பயம்? ஆபத்தான இடத்தில் தொடாதது புத்தி, அதற்குக் குற்றவுணர்ச்சி தேவையில்லை. பழக்கப் பயம் மட்டும் உள்ள இடங்களில், அதாவது ஊர் கூட்டாளிகளுக்கு விட்டுவைத்திருக்கும் தொடுகைகளில், ஒன்றைத் திரும்ப எடுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் தோளைப் பிடிப்பதை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. பரந்தனிலிருந்து இரணைமடு வரைக்கும் போய்வாருங்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி நல்லெண்ணெய்ப் போத்தலைத் திரும்பத் திண்ணைக்குக் கொண்டுவந்தாள், தைப்பொங்கலுக்கு முதல் நாள். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை, தன் மகளையும் கூப்பிட்டு வரிசையில் இருத்திவிட்டாள்.

உங்கள் விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். இருவர் மட்டும் சுமக்கும் இரகசியம் இருவரையும் அரிக்கும் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அந்த ஆளைத் தெரிவுசெய்யும்போது அவசரப்பட வேண்டாம். பாசமான ஆள் என்பதை விட வாய் காக்கும் ஆள் என்பதைப் பாருங்கள். மாற்றிவிடுகிறேன் என்று சொல்லும் வைத்தியரோ சாமியாரோ போதகரோ உளவளத்துணையாளரோ எதிரில் இருந்தால் எழும்பி வந்துவிடுங்கள். ஈர்ப்பை மாற்றும் வைத்தியம் என்று ஒன்று இல்லை, அதனால் வரும் கேடு மட்டும் உண்டு. நித்திரை அடியோடு போனால், சாக வேண்டும் என்று நினைப்பு வந்தால், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது.

இனி அவரைப் பற்றி. அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கை யாருக்குப் பயந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். உதறுபட்டது அவரின் விரல். ஒரு சோடியில் இருவரின் பயமும் ஒரே அளவாக இருப்பது குறைவு. அவரின் குடும்பம் வெளிநாட்டிலோ, அவர் ஊருக்குப் புதியவரோ, இழப்பதற்குக் குறைவாக இருப்பவரோ என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அப்படி எதுவும் இருந்தால் அதைக் கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெளியே எவ்வளவு தொடலாம் என்பதை, கூடுதலாகப் பயப்படுபவர் தீர்மானிக்கட்டும். அதில் நோவதைச் சொல்லும் உரிமை மற்றவருக்கு இருக்கட்டும். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்த வீடுகள் கனகாலம் தாங்கியதை நான் காணவில்லை.

கதிரை தள்ளியவர் ஐந்தாறு தடவை வந்து போன பிறகு தன்பாட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வெளியே எங்காவது விலகிப்போன நாளில், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், முகம் கழுவ முதல், சேட்டைக் கழற்ற முதல், மற்றவரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, எங்கே விலகினேன், யாரைக் கண்டு விலகினேன் என்று சொல்வாராம். "சந்தியில உங்கட மாமாவைக் கண்டன்" என்ற அளவுதான், விளக்கம் ஒன்றும் இல்லை. நீங்களும் இன்றிரவு அப்படித் தொடங்கலாம். வற்றாப்பளையில் அந்த நேரம் யாரைக் கண்டீர்கள், அல்லது யாரைக் கண்டதாக நினைத்தீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.